தொலைக்காட்சியும் வானமும்: இரு கிரகணங்களின் கதை

வானியல் பற்றிய கட்டுரையை மலையுச்சியிலிருந்தோ தொலைநோக்கியிலிருந்தோ தொடங்குவதே வழக்கம். இக்கட்டுரையை நாம் ஒரு வீட்டுக் கூடத்திலிருந்து, சன்னல்கள் அடைக்கப்பட்ட ஒரு கூடத்திலிருந்து, தொடங்க வேண்டியிருக்கிறது.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை பிற்பகல். முழுச் சூரிய கிரகணம் ஒன்றின் நிழல் கர்நாடகக் கடற்கரையில் நிலத்தைத் தொட்டு, ராய்ச்சூர் வட்டாரத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, ஒரிசாவின் கொனாரக் கரை வழியே வங்கக் கடலில் இறங்கியது. சூரியனுக்கென்று எழுப்பப்பட்ட கோயிலின் மீதே சூரியன் மறைந்த நாள் அது. நாட்டின் பெரும்பரப்பைக் குறுக்காகக் கடந்து செல்லும் முழுக் கிரகணம் 1898 ஜனவரிக்குப் பிறகு அதுதான். 82 ஆண்டுக் காத்திருப்பு. கிடைத்ததோ இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல். ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள ஜபல்-ரங்காபூர் வானாய்வகத்திலும், கர்நாடகத்தில் கூடாரமிட்ட முகாம்களிலும் அறிவியலாளர்கள் கருவிகளோடு காத்திருந்தனர். நகரங்களின் தெருக்களோ ஊரடங்கு விதித்தது போல் வெறிச்சோடிக் கிடந்தன.

அன்று பிற்பகல் தூர்தர்ஷன் என்ன செய்தது? திரைப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. தர்மேந்திராவும் அமிதாப் பச்சனும் நடித்து 1975இல் வெளிவந்த ‘சுப்கே சுப்கே’ என்னும் நகைச்சுவைப் படம் அது. மக்கள், குறிப்பாகக் குழந்தைகள், வெளியே வந்து வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்துவிடாதபடி வீட்டுக்குள்ளேயே இருத்தி வைப்பதுதான் நோக்கம் என்று அந்நாளை நினைவுகூர்வோர் பலரும் சொல்கின்றனர். வாரத்துக்கு ஓரிரு படங்களே கிடைத்த அக்காலத்தில் இதைவிட வலுவான தாழ்ப்பாள் வேறு இருந்திருக்க முடியாது. வானத்தில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நிகழும் காட்சி. திரையில் ஏற்கெனவே வெளிவந்த ஒரு திரைப்படம். நாம் திரையைப் பார்த்தோம்.

இதை ஏளனத்தோடு சொல்லவில்லை. அந்த அச்சத்தில் பாதி நியாயமானது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. சூரியனை உற்றுப் பார்ப்பவனுக்குத் தன் கண் கருகுவது அப்போது தெரியாது, சில மணி நேரம் கழித்தே தெரியவரும். பகுதிக் கிரகணத்தின்போது ஒளி குறைந்திருப்பதால் கண் கூசாமல் பார்க்கத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆனால் மறுபாதி உண்மையும் உண்டு. சூரியன் முழுவதுமாக மறைந்திருக்கும் அந்த ஓரிரு நிமிடங்களில் மட்டும் வெறுங்கண்ணால் பார்ப்பதில் எந்தத் தீங்கும் இல்லை. பகுதிக் கிரகணத்தையும் அட்டையில் குத்திய ஊசித் துளை வழியே சுவரில் விழச் செய்து பார்க்கலாம். அட்டையும் ஊசியும்கூட வேண்டாம். வேப்பமரத்தடியில் குனிந்து நின்றால் போதும். இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு துளையாகி, தரையெங்கும் நூற்றுக்கணக்கான பிறைச் சூரியன்களை வரைந்து வைத்திருக்கும். இதைச் சொல்ல ஒரு தொலைக்காட்சிக்கு அரை நிமிடம் போதுமானது. அந்த அரை நிமிடத்துக்குப் பதிலாக நமக்கு ஒரு முழுநீளத் திரைப்படம் கிடைத்தது.

*

நம் பழைய அச்சங்கள் வேறு அதனோடு சேர்ந்துகொண்டன. நிலவைப் பாம்பு விழுங்குவதாகச் சொல்லும் உவமை சங்கப் பாடல்களிலேயே உண்டு. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகளே ராகு, கேது என்பதை நம் கணிதர்கள் அறிந்திருந்தனர். கிரகணம் நிழலால் நிகழ்வது என்று கி.பி. 499இலேயே ஆரியபடர் எழுதிவிட்டார். ஆனால் கணிதரின் புள்ளி பஞ்சாங்கத்தில் தங்கிவிட, புராணத்தின் பாம்புதான் வீட்டுக்குள் வந்தது. உணவுப் பாத்திரங்களின் மேல் தர்ப்பைப் புல், தாம்பாளத்து நீரில் தானாக நிற்பதாகச் சொல்லப்படும் உலக்கை, இருட்டறையில் இருத்தப்படும் கர்ப்பிணி. இவை யாவும் நாம் அறிந்தவையே.

இந்த இடைவெளியை நிரப்ப முயன்ற ஒருவர் தொலைக்காட்சிக்கு ஒரு நூற்றாண்டு முன்பே சென்னையில் இருந்தார். மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர். 1868 ஆகஸ்டு முழுக் கிரகணத்தை ஆராய வனபர்த்திக்குச் சென்ற குழுவை வழிநடத்தியவர். நீலகிரி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் வழியே 1871 டிசம்பரில் ஒரு முழுக் கிரகணம் சென்றபோதும் கருவிகளோடு நின்றவர். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்தபோது, அது என்ன, எப்படிப் பார்ப்பது என்பதை விளக்கி ஒரு சிறுநூல் எழுதினார். உரையாடல் வடிவில் அமைந்த அந்நூல் ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. பஞ்சாங்கத்தைக் கண்ணால் கண்ட வானத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் மறைந்தது 1880இல். நூறாண்டு கழித்து, அச்சிட்ட நூலைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள ஒரு கருவி நம் கையில் இருந்தது. அவர் செய்ய முயன்றதை அது அன்று செய்யவில்லை.

*

அக்கருவியால் வேறு என்ன செய்ய முடியும் என்பதற்கு அதற்கு முன்பே ஒரு நிரூபணம் இருந்தது. 1957 ஏப்ரல் 24 அன்று இரவு, பிரிட்டனில் பி.பி.சி. தொலைக்காட்சி ‘தி ஸ்கை அட் நைட்’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. நடத்தியவர் பேட்ரிக் மூர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். பதினொரு வயதில் பிரிட்டிஷ் வானியல் கழகத்தில் உறுப்பினரானவர். நிலவின் விளிம்புப் பகுதிகளை ஆண்டுக்கணக்கில் தொலைநோக்கியில் பார்த்து வரைபடம் வரைந்தவர். ஒற்றைக் கண்ணாடியும் மூச்சுவிடாத பேச்சும் அவர் அடையாளங்கள். மாதம் ஒருமுறை, பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில், சிபேலியஸின் இசைத்துணுக்கோடு அந்நிகழ்ச்சி வரும்.

முதல் நிகழ்ச்சியின் பொருள் என்ன என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆரெண்ட்-ரோலாண்ட் வால்நட்சத்திரம். முந்தைய ஆண்டு நவம்பரில் பெல்ஜிய வானியலாளர் இருவர் கண்டுபிடித்த அது, அந்த ஏப்ரலில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வழக்கமான வாலோடு சூரியனை நோக்கி நீண்ட ஒரு முள்ளும் அதற்கு இருந்தது. ஆகவே மூர் தம் முதல் நிகழ்ச்சியிலேயே பேசிய பொருள், பார்வையாளர் தம் வீட்டு வாசலுக்கு வந்தாலே காணக்கூடிய ஒன்று. திரையில் தெரிந்தது படம். அசல் வெளியே இருந்தது. ஸ்புட்னிக் ஏவப்படுவதற்கு ஐந்து மாதங்களுக்கு மேல் இருந்த காலம் அது என்பதையும் சேர்த்து நினைத்தால், விண்வெளிப் போட்டியின் பரபரப்பால் பிறந்த நிகழ்ச்சி அல்ல இது என்பது புலப்படும். வானத்தைப் பார்க்கும் பழைய இன்பத்தின் பெயரால் பிறந்தது அது.

பின்னர் பரபரப்பும் வந்தது. 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா-3 நிலவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படமெடுத்தபோது, அப்படங்களைத் தம் நேரடி நிகழ்ச்சியில் காட்டினார் மூர். மனித இனம் தோன்றிய நாள் முதல் எவரும் கண்டிராத ஒரு நிலப்பரப்பை, மங்கலாகவும் புள்ளிபுள்ளியாகவும், மக்கள் தம் கூடத்தில் அமர்ந்து கண்டனர். 1969இல் நிலவில் மனிதன் இறங்கிய இரவிலும் அவர் பி.பி.சி.யின் அரங்கில் இருந்தார். ஆயினும் அடுத்த மாதங்களில் அதே நிகழ்ச்சி மீண்டும் கோள்கள், விண்மீன் கூட்டங்கள், இந்த மாதம் மாலையில் எத்திசையில் எது தெரியும் என்னும் எளிய செய்திகளுக்குத் திரும்பியது. 2012 டிசம்பர் 9 அன்று மூர் மறையும் வரை, ஏறத்தாழ 55 ஆண்டுகளில், 2004 ஜூலையில் நச்சுணவு உண்டு படுத்த ஒரே ஒரு மாதத்தைத் தவிர, எல்லா மாதமும் அவரே நடத்தினார். ஒரே நிகழ்ச்சியை ஒரே மனிதர் இவ்வளவு நீண்டகாலம் நடத்தியதாக உலகத் தொலைக்காட்சி வரலாற்றில் வேறு பதிவில்லை. தொடக்ககால நிகழ்ச்சிகள் பல பாதுகாக்கப்படவில்லை, காற்றில் போய்விட்டன. ஆனால் அவற்றைப் பார்த்துவிட்டு வாசலுக்குச் சென்ற சிறுவர் சிறுமியருள் பலர் பின்னாளில் வானியலாளர்களாயினர். அந்நிகழ்ச்சியின் உண்மையான ஆவணக் காப்பகம் அவர்களே எனலாம்.

நம் நிலை அப்போது வேறு. 1969 ஜூலையில் இந்தியாவில் தில்லியில் மட்டுமே தொலைக்காட்சி இருந்தது. வெளிநாட்டு ஒளிபரப்பைச் செயற்கைக்கோள் வழியே பெறும் புவி நிலையம் புனேவுக்கு அருகே ஆர்வியில் அமைந்தது 1971இல்தான். ஆகவே ஆர்ம்ஸ்ட்ராங்கின் காலடியை நம் முந்தைய தலைமுறை பார்க்கவில்லை, வானொலியில் கேட்டது. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்டு 15 அன்று.

*

1980ஆம் ஆண்டு இக்கதையில் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. பிப்ரவரியில் நம் தொலைக்காட்சி வானத்துக்குத் திரை போட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவில் பி.பி.எஸ். அலைவரிசையில் கார்ல் சேகனின் ‘காஸ்மாஸ்’ தொடங்கியது. சேகன், ஆன் டுருயன், ஸ்டீவன் சோட்டர் மூவரும் எழுதிய 13 பகுதிகள் கொண்ட தொடர் அது. பின்னர் 60 நாடுகளில் 50 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிடப்படும் அத்தொடரின் பத்தாம் பகுதி நவம்பர் 30 அன்று ஒளிபரப்பாயிற்று. பேரண்டத்தின் தோற்றத்தையும் முடிவையும் பேசும் அப்பகுதியில் சேகன் வந்து நின்ற இடம் தமிழ்நாடு.

பொங்கல் கொண்டாடும் தமிழகக் கிராமம் ஒன்றை அதில் காண்கிறோம். சூரியனுக்கு நன்றி சொல்லும் விழாவிலிருந்து பேரண்டவியலுக்கு நகர்கிறார் அவர். கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் வருகிறது. சோழர் செப்புத் திருமேனியான நடராசர் வருகிறார். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் எனச் சொல்லும் நம் புராணக் கணக்கு, பூமியின் வயதோடு ஒப்பிடத்தக்க அளவுகளைத் தற்செயலாகவேனும் எட்டியிருப்பதை வியப்போடு குறிப்பிடுகிறார். 1980களில் தூர்தர்ஷன் வழியாகவும் அத்தொடர் நம் வீடுகளுக்கு வந்தது.

இவ்விடத்தில் நாம் நம்மிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது என்ன? இன்றளவும் மேடைகளிலும் மின்னஞ்சல்களிலும் சுற்றிவருவது, ‘சேகனே நம் நடராசரைப் பாராட்டினார்’ என்னும் ஒற்றை வரிதான். அவர் நீட்டியது ஓர் அழைப்பு. நாம் பெற்றுக்கொண்டது ஒரு சான்றிதழ். நடராசரைக் காட்டிவிட்டு அவர் அடுத்துப் பேசியவை, விலகி ஓடும் விண்மீன் மண்டலங்கள், அவற்றின் ஒளியை அளந்த மனிதர்களின் உழைப்பு, இன்னும் விடை கிடைக்காத வினாக்கள். சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியவர்கள் அவற்றைப் பார்க்கவில்லை. தாராசுரத்தின் தேர் மண்டபத்தை உலகம் பார்த்தது. அம்மண்டபத்தின் மேலிருந்த வானத்தை உள்ளூர்க்காரரான நாம் நிமிர்ந்து பார்த்தோமா என்பதே கேள்வி.

மொழியின் தடையையும் மறைப்பதற்கில்லை. காஸ்மாஸ் ஆங்கிலத்தில் வந்தது. தில்லியிலிருந்து வந்த பிற அறிவியல் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்தியில் வந்தன. தமிழ் மட்டுமே அறிந்த வீட்டில் அவை ஊமைப்படங்களாகவே ஓடின. சனிக்கோளின் வளையத்தைக் கண்டு வியந்த சிறுவனுக்கு அதற்கு மேல் எதையும் சொல்ல வீட்டில் ஆளில்லை. அந்தக் குறையை ஓரளவேனும் போக்க முயன்றவர்கள், 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும், 1987 முதல் வெளிவரும் ‘துளிர்’ இதழும்தான். திரை காட்டியதைத் தாள் விளக்கியது.

*

சன்னலைச் சாத்திய அதே தூர்தர்ஷன் பிறகு அதைத் திறந்தது எப்படி? அதற்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யஷ் பால், இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஜங் என்னும் ஊரில் 1926இல் பிறந்தவர். அண்டக்கதிர் இயற்பியலர். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றி, 1973இல் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநரானார். அவர் பொறுப்பில் நடந்த பெருமுயற்சிதான் செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு வாங்கி, 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 கிராமங்களுக்கு நேரடியாக ஒளிபரப்பினர். கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் செய்த மூன்று மீட்டர் அகல அலைவாங்கிகள் மூங்கில் வேலிகளுக்கு நடுவே நின்றன. மின்விளக்கு எரியாத ஊர்களில் தொலைக்காட்சி எரிந்தது. ஆறு மாநிலங்களில் தமிழகம் இல்லை. ஆனால் ஓர் அலைவாங்கி பாக் நீரிணையைத் தாண்டிக் கொழும்பில், ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் பொருத்தப்பட்டது. புவியோடு இணைந்து சுற்றும் மூன்று கோள்கள் உலகம் முழுமைக்கும் ஒலிபரப்பு வழங்க முடியும் என்று 1945இலேயே எழுதியவர் அவர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத காலத்தில் அவர் வீட்டில் மட்டும் படம் தெரிந்தது.

அந்த யஷ் பால் 1990களின் முற்பகுதியில் தூர்தர்ஷனின் ‘டர்னிங் பாயிண்ட்’ அறிவியல் நிகழ்ச்சியில் நாடறிந்த முகமானார். அவர் அங்கே செய்தது மிக எளிய காரியம். பார்வையாளர்கள் அனுப்பிய வினாக்களுக்கு விடை சொன்னார். நட்சத்திரங்கள் ஏன் மின்னுகின்றன, நிலா ஏன் நம்மோடு கூடவே வருவதுபோல் தெரிகிறது என்பன போன்ற, வகுப்பறையில் கேட்டால் சிரிப்பார்கள் என்று நாம் அடக்கி வைத்திருந்த வினாக்கள். வெண்தாடியும் புன்னகையுமாக, ஒவ்வொரு வினாவையும் முதன்முறை கேட்பவர் போல் எதிர்கொண்டார் அவர். கேள்விக்கு மரியாதை உண்டு என்பதே அந்நிகழ்ச்சி நமக்குக் கற்றுத்தந்த முதற்பாடம். அவர் இந்தி கலந்து பேசியது முழுவதும் புரியாதவர்க்கும் அந்த மரியாதை புரிந்தது.

*

1995 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. முந்தைய நாள் தீபாவளி. அமாவாசையை ஒட்டியே தீபாவளி வரும்; அமாவாசையன்றுதான் சூரிய கிரகணம் நிகழ முடியும்; இரண்டும் இப்படி அடுத்தடுத்து அமைவது அரிது. ராஜஸ்தானின் நீம் கா தானாவிலிருந்து வங்காளத்தின் டயமண்ட் ஹார்பர் வரை நிழற்பாதை. முழுமறைப்பு ஒரு நிமிடத்தை ஒட்டியே நீடிக்கும். 16 ஆண்டுகளுக்குள் மீண்டும் ஒரு வாய்ப்பு.

சூழல் அவ்வளவு சாதகமாக இல்லை. ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 21 அன்றுதான், பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி ஒரே நாளில் நாடு முழுதும் பரவி, கோயில்களின் முன் கிண்ணமும் கரண்டியுமாக வரிசை நின்றது. கல்லின் மேல் படரும் நீர்மத்தின் பரப்பு இழுவிசையே காரணம் என அறிவியலாளர்கள் விளக்கியது வரிசையின் கடைசி வரை கேட்கவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு முழுக் கிரகணம்.

இம்முறை தூர்தர்ஷன் படம் போடவில்லை. நிழற்பாதையில் படப்பிடிப்புக் கருவிகளை நிறுத்தி, கிரகணத்தையே நாடு முழுவதும் நேரடியாக ஒளிபரப்பியது. விளக்கவுரை தந்தவர்களுள் முதன்மையானவர் யஷ் பால். முன்னதாகவே விஞ்ஞான் பிரசார் போன்ற அமைப்புகளும் மக்கள் அறிவியல் இயக்கங்களும் அலுமினியம் பூசிய மைலார் தாளாலான பாதுகாப்புக் கண்ணாடிகளை மக்களிடம் பரப்பியிருந்தன. காலை எட்டரை மணியளவில் திரையில் சூரியன் மெலிந்து கீற்றாகி, கடைசி ஒளிப்புள்ளி வைர மோதிரமாகச் சுடர்விட்டு அணைந்தது. கரியவட்டைச் சுற்றி முத்து வெண்மையில் சூரியனின் ஒளிமகுடம் விரிந்தது. பேராசிரியரின் குரலிலேயே ஒரு சிறுவனின் குதூகலம் இருந்தது. 1980இல் நமக்கு மறைக்கப்பட்டது என்ன என்பதைப் பதினைந்து ஆண்டு கழித்து நாம் தெரிந்துகொண்டோம்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அன்றும் வெளியே வராமல் கதவடைத்துக் கொண்டோர் ஏராளம். திரையில் பார்த்துவிட்டோமே, இனி வெளியே எதற்கு என்று இருந்துவிட்டோரும் உண்டு. தொலைக்காட்சி வானத்தைக் காட்டும்போதும் வானத்துக்கு மாற்றாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. ஆனால் தமிழகத்துக்கு அன்று இரண்டும் தேவைப்பட்டன. இங்கே நிகழ்ந்தது பகுதிக் கிரகணம் மட்டுமே. ஒளிமகுடத்தை நம் வானம் காட்ட முடியாது, திரைதான் காட்ட முடியும். நம் வானம் காட்டிய கடிபட்ட சூரியனைத் திரை தர முடியாது; அதற்கு மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். திரையில் வைர மோதிரத்தைக் கண்டுவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறியவர்களுக்கு இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்பது புரிந்தது. நல்ல வானியல் நிகழ்ச்சி ஒன்றுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை: அது முடிந்ததும் பார்வையாளர் எழுந்து வெளியே போக வேண்டும். மூரின் வால்நட்சத்திரம் செய்ததும் அதுவே.

*

அதன்பின் வானம் நமக்குத் தாராளமாகவே வாய்ப்பளித்தது. 2009 ஜூலை 22 அன்று இந்நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் சூரத்திலிருந்து வாரணாசி, பாட்னா வழியே சென்றது. பருவமழை மேகங்கள் பல இடங்களில் மறைத்தன. 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் யாழ்ப்பாணத்திலும் கங்கண கிரகணம். 2019 டிசம்பர் 26 காலை, கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியே இன்னொன்று. பள்ளி மைதானங்களில் அட்டைக் கண்ணாடியோடு அண்ணாந்து நின்ற பிள்ளைகளின் கூட்டத்தை 1980இல் எவரும் கற்பனை செய்திருக்க முடியாது.

ஆனால் திரை இப்போது ஒன்றல்ல, நூறு. ஓர் அலைவரிசையில் நேரடிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அடுத்ததில் எந்த ராசிக்காரர், எந்த நட்சத்திரக்காரர் பரிகாரம் செய்ய வேண்டும் என்ற பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். சில வேளைகளில் ஒரே திரையில் மேற்பாதியில் கிரகணமும் அடிப்பகுதியில் பரிகாரமும் சேர்ந்தே ஓடும். 1980இன் திரை நம்மைப் படத்தால் கட்டிப்போட்டது. இன்றைய திரைகளில் சில அச்சத்தால் கட்டிப்போடுகின்றன. முன்னதில் கண் கெட்டுவிடுமே என்ற அக்கறையாவது இருந்தது.

யஷ் பால் 2017 ஜூலை 24 அன்று தம் 90ஆம் வயதில் மறைந்தார். அவருக்கு இணையாகத் தமிழில், தமிழ்த் திரையில், வாரந்தோறும் வந்து, இன்றிரவு மேற்கில் தெரிவது வெள்ளி, நடுவானில் தெரிவது வியாழன் என்று சொல்லித்தரும் ஒரு முகம் நமக்கு வாய்க்கவில்லை. காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 ஜனவரி முதல் இருக்கிறது. கொடைக்கானலில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனை நாள்தோறும் படமெடுக்கிறார்கள். அவ்விரண்டு மலைகளுக்கும் நம் கூடங்களுக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் கடக்கப்படவில்லை.

2031 மே 21, புதன்கிழமை. நண்பகலை ஒட்டிய பொழுதில் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் வட இலங்கையையும் ஒரு கங்கண கிரகணம் கடந்து செல்லும். உச்சி வெயிலில், தலைக்கு நேர் மேலே, சூரியன் நெருப்பு வளையமாகும். ரகுநாதாச்சாரியின் சிறுநூலை அன்று எத்தனை பேர் படித்தார்கள் என நாம் அறியோம். ஆனால் நம் வீட்டுத் திரைகள் அன்றைக்கு என்ன காட்டப்போகின்றன என்பதை இப்போதிருந்தே நாம் கேட்க முடியும். அவை எதைக் காட்டினாலும், வேப்பமரங்கள் தம் வேலையைச் செய்யும். தரையெங்கும் சின்னஞ்சிறு வளையங்கள் விழுந்து கிடக்கும். அவற்றைப் பார்க்க யார் வெளியே வந்திருப்பார்கள் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.